ஜாடி பாய்

தி. நகரில், பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில் இருந்த சைனீஸ் ஓட்டலில் நான் நான்கு வருஷம் பார்சல் கவுன்ட்டரில் வேலை பார்த்தேன். போனில் வரும் ஆர்டரை எழுதிக்கொள்வது, ஆப்பில் வருவதைச் சமையலறைக்குக் கூவிச் சொல்வது, பொட்டலங்களைச் சரிபார்த்து டெலிவரிக்காரர்களிடம் கொடுப்பது. அங்கே இருந்தவர்களில் பலருடைய முகம் இப்போது நினைவில் இல்லை. ஒருவர் மட்டும் இருக்கிறார். அவரை நாங்கள் ஜாடி பாய் என்று கூப்பிடுவோம்.

அவர் சமையல்காரர் இல்லை. அடுப்புப் பக்கமே போகமாட்டார். காய்களை ஊறவைப்பது மட்டும்தான் அவர் வேலை. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் அடியில், வெயில் எட்டாத இடத்தில், ஏழு மண் ஜாடிகள் வரிசையாக இருக்கும். ஒன்றில் முள்ளங்கி, ஒன்றில் முட்டைக்கோஸ், ஒன்றில் இளம் இஞ்சி, ஒன்றில் காராமணிக்காய். குளிர்காலத்தில் கடுகுக்கீரை கிடைத்தால் அதற்கு ஒன்று. கொய்யாக்காய்க்கும் பப்பாளிக்காய்க்கும் வினிகரும் சர்க்கரையும் சேர்த்த தனி ஜாடி. மற்ற சைனீஸ் ஓட்டல்களில் வினிகரில் போட்ட பச்சை மிளகாயோடு நிறுத்திக்கொள்வார்கள். எங்களிடம் அதோடு ஒரு சின்னத் தட்டில் இந்த ஊறல்களில் ஏதாவது ஒன்றும் மேசைக்கு வரும். அதற்காகவே அடையாறிலிருந்து வருகிற குடும்பங்கள் இருந்தன.

ஜாடிகள் முதலாளியம்மாவுடையவை. மேடத்தின் தாத்தா காலத்திலேயே சீனாவிலிருந்து இந்த ஊருக்கு வந்துவிட்ட குடும்பம். முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிறவர்களிடம் மேடம், "இன்னா வோணும், தமிழ்லயே சொல்லு" என்பார். அவர் வீட்டு ஜாடிகளின் வாயைச் சுற்றி வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் விளிம்பு மூழ்குகிற மாதிரி ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். உள்ளே புளிக்கும்போது வருகிற காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். வெளிக்காற்று உள்ளே நுழையாது. மத்தியானக் கூட்டம் ஓய்ந்து சமையலறை அமைதியானால் ஜாடிகள் ஒவ்வொன்றாக 'பொளக், பொளக்' என்பது கேட்கும். பாய் முக்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். மெலிந்த ஆள். தாடி பாதி நரைத்திருந்தது. கை நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். ஜாடிக்குள் எண்ணெய் பட்ட கையோ பச்சைத் தண்ணீர் பட்ட கரண்டியோ போனால் எல்லாம் கெட்டுவிடும் என்பதால், யாரையும் இரண்டடிக்குள் விடமாட்டார்.

இதெல்லாம் அவர் செய்த வேலை. அவர் எப்படிப்பட்டவர் என்பது வேறு விஷயம். தன் தப்பை, யாரும் கேட்பதற்கு முன்னால், தானே போய்ச் சொல்லிவிடுகிறவர் அவர்.

நான் வேலைக்குச் சேர்ந்த மாதத்தில் ஒரு மத்தியானம். மேசைகள் நிறைந்திருந்தன. பாய் ஈரக்கையை வேட்டியில் துடைத்தபடி சமையலறையிலிருந்து வெளியே வந்தார். ஜன்னலோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நேராகப் போனார்.

"சார், அந்த முட்டைகோஸ துன்னாதீங்க. இன்னும் ரெண்டு நாள் ஊறணும். நான்தான் அவசரப்பட்டு எடுத்துட்டேன்."

பெரியவரின் தட்டு காலியாக இருந்தது. "அடடா, நன்னா இருந்ததே! இன்னொரு தட்டு கேக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

"இல்ல சார். அது சரியில்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பாய் உள்ளே போய்விட்டார். மேடம் கல்லாவில் தலையில் கை வைத்துக்கொண்டார். "கஸ்டமரே நல்லா கீதுன்றான். இந்த ஆளு இல்லன்றான். நான் யார்கிட்ட போய் அழுவறது?"

இன்னொரு தடவை பாண்டி பஜார் முனையில் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் சைக்கிளில் கடந்துவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பி வந்து போக்குவரத்துக் காவலரிடம் விஷயத்தைச் சொன்னார். நான் எதிர் நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காவலர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போய்யா, போய் வேலயப் பாரு" என்று விரட்டினார். பாய்க்கு அதில் வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னவர் மாதிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எதுக்கு பாய் நீங்களே போய் மாட்டிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அவங்க கண்டுபுடிச்சிக் கேட்டா அப்புறம் நான் சொல்றதுக்கு இன்னா கீது?" என்றார். தத்துவம் பேசுகிற ஆள் அவர் இல்லை. இதைக்கூட நான் கேட்டதால் சொன்னார்.

இதனால் ஓட்டலில் அவருக்கு ஒரு விசேஷ மதிப்பு உண்டாகியிருந்தது. எதிலாவது குறை வந்தால் மேடம் முதலில் அவரைத்தான் பார்ப்பார். அவர் "நான்தான்" என்றால் அவர். "நான் இல்ல" என்றால் வேறு யாரோ. அதற்குமேல் விசாரணை கிடையாது. வேறு யார் எதைச் சொன்னாலும் இரண்டு கேள்வி வரும். அவருக்கு வராது.

ஏழாவது ஜாடி ஒன்று இருந்தது. அதற்கு மேடம் ஜாடி என்று பெயர். அவர்கள் வீட்டு வழக்கப்படி போடுவது: முள்ளங்கி, இஞ்சி, நாக்கை மரக்கவைக்கிற ஒரு மிளகு, கூடவே ஒரு பெரிய கரண்டி சாராயம். பாய் தொழுகிறவர். சேர்ந்த நாளே, "மத்ததெல்லாம் செய்றேன் மேடம். அத மட்டும் நீங்க ஊத்திக்குங்க" என்று சொல்லிவிட்டாராம். மேடம் ஊற்றும்போது படிக்கட்டில் போய் நின்றுகொள்வார். அந்த ஜாடியைக் கழுவுவார், காய் போடுவார், தண்ணீர் மாற்றுவார். வாயில் மட்டும் வைக்கமாட்டார். முகர்ந்து பார்ப்பதோடு சரி.

ஆனால் மேசைக்கு அனுப்பும் முன்பு யாராவது ருசி பார்க்க வேண்டும். மேடம் மத்தியானம்தான் வருவார். சமையலறை ஆட்கள் எல்லாரும் பான் போடுகிறவர்கள். அந்த நாக்கை பாய் நம்பவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார். "உன்னுது சுத்தமான நாக்கும்மா" என்று சொல்லி, காலையில் ஒரு சின்னத் தட்டில் இரண்டு துண்டு வைத்து நீட்டுவார். நான் தின்றுவிட்டு, உப்பு சரி, புளிப்பு போதவில்லை, இன்னும் ஒரு நாள் விடலாம் என்று சொல்வேன். அப்படியே செய்வார். மூன்று வருஷம் இது நடந்தது. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஏதோ அலுவலகத்திலிருந்து இருபது பேர் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்தே போன் அடித்துக்கொண்டிருந்தது. பாய் தட்டோடு வந்தார்.

"மேடம் ஜாடி. வாசனை இன்னிக்கு வேற மாதிரி கீது. நல்லாப் பாத்து சொல்லும்மா."

என் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன் இருந்தது. எதிர்முனையில் ஒருவர் முகவரியை மூன்றாவது முறையாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் துண்டுகளைக் காகிதத் துடைப்பானில் எடுத்துக்கொண்டேன். வாயருகே கொண்டுபோனேன். போடவில்லை. கசக்கி மேசைக்கடியில் இருந்த கூடையில் போட்டுவிட்டு, "நல்லா இருக்கு பாய், அனுப்பலாம்" என்றேன்.

அவர் ஒரு கணம் நின்றார். "நல்லா கீதா?"

"இருக்கு பாய்."

போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அந்த அலுவலகத்தைச் சேர்ந்த மூன்று பெண்களுக்கு வாந்தி. ஒருவரை மருத்துவமனையில் ஒரு நாள் படுக்கவைத்து டிரிப் ஏற்றினார்கள். மறுநாள் அவர்களுடைய மேலாளர் வந்து மேடத்தின் எதிரில் நின்று கத்தினார். புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னார். மேடம் கையைப் பிடிக்காத குறையாகப் பேசி அனுப்பினார். மூன்று பேரும் பிழைத்து எழுந்து வேலைக்கும் போய்விட்டார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. ஆனால் அந்த சனிக்கிழமை எங்களுக்கு அது தெரியாது.

மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள். அந்த மேசைக்குப் போனவற்றில் இரண்டுதான் மற்ற மேசைகளுக்குப் போகாதவை. ஒன்று, மேடம் ஜாடியிலிருந்து எடுத்த முள்ளங்கி. இன்னொன்று, செல்வம் போட்ட முதல் வாணலி ஃப்ரைடு ரைஸ். செல்வம் எங்கள் சாத மாஸ்டர். நன்றாகப் பாடுவான், கொட்டிவாக்கத்திலிருந்து வருகிறவன். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது.

மேடம் எல்லாரையும் சமையலறையில் நிற்கவைத்தார். என்னையும்தான்.

"பாய், உங்க ஜாடியா?"

பாய் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் ஏதாவது சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு நினைத்துக்கொள்வேன். அது எனக்கு நானே சொல்லிக்கொள்கிற சமாதானம்தான்.

"இல்ல மேடம்" என்றார். "ருசி பாத்துதான் போச்சு."

அவ்வளவுதான். எல்லாருடைய தலையும் செல்வத்தின் பக்கம் திரும்பியது. செல்வமே கூட மறுத்துப் பேசவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. "பாய் சொல்ட்டாருன்னா அப்ப நம்ம சாதமாத்தான் இருக்கும்" என்றான். அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டார்கள். போகும்போது பாயிடம் வந்து சொல்லிக்கொண்டு போனான். பாய் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்கு வந்தபோது மேடம் ஜாடி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. புதிதாகக் காய் போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் தட்டு என் முன்னால் வந்தது. தின்றேன். நன்றாக இருந்தது, சொன்னேன். அடுத்த வாரமும் வந்தது. ஒவ்வொரு தடவையும் துண்டை மென்று விழுங்கும் வரை அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி எனக்குத் தோன்றும். அவர் எப்போதும் போலத்தான் பார்த்திருப்பார்.

ஏறக்குறைய இரண்டு மாதம் ஆன பிறகு ஒரு மத்தியானம், படிக்கட்டின் அடியில் அவர் தனியாக இருக்கும்போது போய்ச் சொல்லிவிட்டேன். பெரிதாக அழுகையெல்லாம் இல்லை. போன் பேசிக்கொண்டிருந்ததையும் துடைப்பானையும் கூடையையும் வரிசையாகச் சொன்னேன்.

அவர் காராமணிக்காயை ஜாடிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். வைத்து முடித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்து, பள்ளத்தில் தண்ணீர் ஊற்றினார்.

"வாயிலயே போடலியா?"

"போடல பாய்."

"கடிச்சிகூடப் பாக்கல?"

"இல்ல பாய்."

எழுந்து போனார். கல்லாவுக்கு. நான் பின்னாலேயே போனேன். மேடத்திடம் அவர் சொன்னது இதுதான்: "மேடம், அன்னிக்கி என் ஜாடி நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்ல, அது தெரியாமச் சொன்னது. வாசனை சரியில்லன்னு எனக்கு அப்பவே தெரியும். தூக்கிக் கொட்டியிருக்கணும். கொட்டல. செல்வம்மேல பழி போட்டுட்டேன்."

மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப இன்னாத்துக்கு பாய் இது? முடிஞ்சு போச்சு. யாரும் சாவல. புது மாஸ்டர் வந்தாச்சு. நீ போய் வேலயப் பாரு."

"செல்வம் வூட்டு அட்ரஸ் குடுங்க" என்றார்.

அவர் சொன்னதில் என் பெயர் எந்த இடத்திலும் இல்லை. நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

ஓட்டலுக்கு விடுமுறையான அடுத்த திங்கட்கிழமை, "நானும் வரேன் பாய்" என்று நானாகத்தான் சொன்னேன். சரி என்றார். பஸ்ஸில் திருவான்மியூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் தன் மருமகன் புதிதாக வாங்கிய தையல் மிஷினைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

செல்வம் கொட்டிவாக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி போட்டிருந்தான். சாயங்காலம் ஐந்து மணி. அப்போதுதான் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "பாய்! வா பாய்! அக்கா, நீயும் வந்துகினியா?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

பாய் உட்காரவில்லை. நின்றபடியே மேடத்திடம் சொன்னதை அப்படியே அவனிடமும் சொன்னார். அவன் மனைவி நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

செல்வம் கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு, "பாய், உன்னாண்ட ஒண்ணு சொல்லட்டா? அந்த முதல் வாணலி சாதம் முந்தின நாள் ராத்திரி வடிச்சது. ஃப்ரிட்ஜ்ல வைக்க மறந்து வெளியவே கிடந்துச்சு. இருபது பேர் வரானுங்க, கொட்டுனா மேடம் திட்டும்னு நான்தான் வறுத்துப் போட்டேன். அதனாலதான் அன்னிக்கி நான் வாயத் தொறக்கல. நீ இன்னாத்துக்கு வந்து நிக்கிற?" என்றான்.

"அது நீ பண்ணது. நான் சொல்றது நான் பண்ணது" என்றார் பாய். "நீ பண்ணியிருந்தாலும் நான் பண்ணது இல்லன்னு ஆயிடுமா?"

"வுடு பாய். வண்டி நல்லாத்தான் போவுது. அங்க இருந்தா இன்னும் சம்பளத்துக்குத்தான் நின்னுக்கினு இருப்பேன்." சிரித்தான். எங்கள் இரண்டு பேருக்கும் முட்டை போடாமல் நூடுல்ஸ் செய்து கொடுத்தான்.

இப்போது மூன்றாவது ஆள் பேச வேண்டிய முறை. அது எனக்குத் தெரிந்தது. இரண்டு ஆண்கள், ஒருவர் மாற்றி ஒருவர், தான் செய்ததைச் சொல்லிவிட்டார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து நூடுல்ஸைச் சாப்பிட்டேன். சாஸ் கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அடையாறு தாண்டியதும் கேட்டேன். "என் பேரை ஏன் பாய் நீங்க சொல்லல? மேடத்துகிட்டயும், இங்கயும்?"

"அத நான் எப்டிம்மா சொல்றது? அது உன்னுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இங்கயாச்சும் சொல்லுவேன்னு நெனச்சேன். பரவால்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முள்ளங்கி சரியாக ஊறவில்லை என்று சொல்கிற அதே குரல்தான்.

அடுத்த திங்கட்கிழமை நான் தனியாகக் கொட்டிவாக்கம் போனேன். செல்வத்திடம் சொன்னேன். அவன் முதலில் புரியாமல் விழித்தான். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, "ஏய், இவங்களும் வந்துட்டாங்கடி. இன்னும் மேடம் ஒருத்தர்தான் பாக்கி" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு அது அவ்வளவுதான். மறுநாள் மேடத்திடமும் சொன்னேன். அவர் என்னை ஐந்து நிமிஷம் நன்றாகத் திட்டினார். பிறகு, போன் அடிக்குது பார், எடு என்றார்.

பாயிடம் போய், போய்ச் சொல்லிவிட்டு வந்தேன் என்றேன். இஞ்சி சீவிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "நல்லது" என்றார். முகத்தில் சந்தோஷம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். உட்காரச் சொல்லி, கொய்யாக்காய்த் துண்டு இரண்டு கொடுத்தார். வினிகரும் சர்க்கரையும் ஏறி, மொறுமொறுவென்று இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு மேடம் ஜாடியிலிருந்து தட்டு என்னிடம் வரவே இல்லை. மேடம் மத்தியானம் வரும் வரை காத்திருந்து அவரிடமே நீட்டினார். மேடம் வராத நாளில் அந்த ஜாடி திறக்கப்படவில்லை. மற்றபடி என்னிடம் அவர் பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. ரம்ஜானுக்கு வீட்டிலிருந்து பிரியாணி கொண்டுவந்து, நான் கறி சாப்பிடமாட்டேன் என்பதால் எனக்குத் தனியாகப் பாலும் சேமியாவும் போட்ட ஷீர் குருமா எடுத்துவந்தார். காய்ச்சல் என்று நான் விடுப்பு எடுத்தால் போன் செய்து விசாரித்தார். தட்டு மட்டும் வரவில்லை. ஒரு தடவை நானே, "நான் பாக்கட்டுமா பாய்?" என்றேன். "வேணாம்மா, மேடம் வந்துடுவாங்க" என்றார். அதில் தண்டனை எதுவும் இல்லை. எண்ணெய் பட்ட கையை ஜாடிப் பக்கம் விடமாட்டாரே, அதில் அந்தக் கைக்காரன்மேல் அவருக்கு என்ன கோபம்? அப்படித்தான் இதுவும்.

அடுத்த வருஷம் எனக்கு கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஓட்டலில் என் கடைசி நாளன்று பாய் ஒரு கண்ணாடிப் பாட்டிலை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். நிறைய இஞ்சி. மேடம் ஜாடியிலிருந்து இல்லை, சாராயம் படாத வேறு ஜாடியிலிருந்து. அதை இரண்டு முறை சொன்னார்.

"ஊட்டுக்கு எட்த்துக்கினு போ. அம்மாவ சாப்ட்டுப் பாத்து எப்டி கீதுன்னு சொல்லச் சொல்லு."

பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அம்மா வெளிச் சாப்பாடு எதையும் தொடுகிற வழக்கம் இல்லை. ஊறுகாய்தானே என்று சொல்லி இரண்டு நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மோர் சாதத்துக்குத் தொட்டுண்டு பார்த்தாள்.

"நன்னாதான்டி இருக்கு. உப்புதான் ஒரு கல்லு தூக்கல். யார் போட்டது?"

அன்று மத்தியானம், கூட்டம் ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து அவருக்குப் போன் செய்தேன். அம்மா சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொன்னேன்.

அந்தப் பக்கம் ஜாடிமேல் கிண்ணத்தைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது.

"கரெக்டா சொல்லிட்டாங்க" என்றார். "உப்புத் தண்ணி காய்ச்சசொல்ல பேசிக்கினே ரெண்டாவது தபா போட்டுட்டேன். நானே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."